கவனம் எங்கே நிற்கிறது? மூளையின் பரைட்டல் மடல் பற்றி ஓர் எளிய விளக்கம்

குன்னூர் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று வரும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் "பையனுக்குக் கவனமே இல்லைங்க" என்பார்கள். பக்கவாதம் வந்த பெரியவர் தட்டில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டால், "வீம்புக்குப் பண்றாரு" என்று வீட்டில் பேச்சு வரும். மூன்று பேச்சுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: கவனம் என்பது ஒருவரிடம் கூடவோ குறையவோ இருக்கிற சரக்கு, மனசு வைத்தால் வரும், சோம்பல் பட்டால் போய்விடும்.

மூளையைப் பற்றி இன்று தெரிந்திருப்பதோடு இந்த எண்ணம் ஒத்துப்போகவில்லை. விழித்திருக்கிற மனிதருக்குக் கவனம் எப்போதும் எங்கேயோ ஓரிடத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால், உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கிற பரைட்டல் மடலுக்கு வந்து சேர்வோம். பாடத்தில் கவனம், பேச்சில் கவனம் என்று பல வகை உண்டு. இங்கே நான் சொல்லப்போவது சுற்றி இருக்கிற இடங்களின் மேல் விழும் கவனம் பற்றி மட்டும். மூளையியலில் நன்றாக ஆராயப்பட்டிருக்கும் வகை அது.

கண் போகிற இடமும் கவனம் போகிற இடமும்

முதலில் ஒரு சின்ன சோதனை. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உங்கள் கண் மிகக் கூர்மையாகப் பார்க்கிற பரப்பு கிட்டத்தட்ட அந்த நகத்தின் அகலம்தான். சுற்றி உள்ளதெல்லாம் மங்கல். அது நமக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு தாவலுக்கு முன்னாலும் அடுத்து எங்கே என்று யாரோ முடிவு செய்தாக வேண்டும். மங்கலாகத் தெரிகிற பல இடங்களில் ஒன்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்தப் பொறுக்கல்தான் கவனம்.

கண் தாவாமலேயே கவனம் மட்டும் போவதும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ராத்திரி பஸ் ஓட்டுகிற டிரைவரின் பார்வை எதிரே வளைவின் வெளி ஓரத்தில் இருக்கும், எதிர் வண்டியின் வெளிச்சம் அங்கேதான் முதலில் தெரியும் என்பதால். ஆனால் இடப்பக்கத் தேயிலைச் செடிகளுக்கு இடையில் கறுப்பாக ஏதாவது அசைந்தால் அவருடைய கால் பிரேக்குக்குப் போய்விடும். கண்ணைத் திருப்பிப் பார்த்துவிட்டு அல்ல. அந்தப் பக்கம் ஏற்கெனவே கவனம் வைத்திருந்ததால். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் காட்டெருமை சாலைக்கு வருவது அன்றாட விஷயம். அங்கே நாள்பட ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று.

இப்படிக் கண்ணை அசைக்காமல் கவனத்தை மட்டும் நகர்த்துவதை மறைமுகக் கவனம் என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்தார். இருட்டில் ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்திக்கொண்டு, எழுத்துகள் உள்ள தாளின் எந்தப் பக்கத்தைக் கவனிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே மனதில் தீர்மானித்துக்கொள்வார். பிறகு ஒரு மின்பொறி. கண் தாவ நேரமே இல்லாத அந்தச் சிறு வெளிச்சத்தில், அவர் மனதில் குறித்துவைத்த பக்கத்து எழுத்துகளைத்தான் வாசிக்க முடிந்தது.

1980-இல் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் போஸ்னர் இதை எளிமையான ஆய்வக முறையாக மாற்றினார். திரையின் நடுவில் பார்க்கச் சொல்லி, ஒரு பக்கம் குறிப்புக் காட்டுவார்கள். அதே பக்கத்தில் புள்ளி தோன்றினால் சோதனைக்கு வந்தவர்கள் பட்டனை வேகமாக அழுத்துவார்கள். மறுபக்கத்தில் தோன்றினால் தாமதமாகும். வித்தியாசம் நொடியில் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் திரும்பத் திரும்ப வந்தது.

இதுவரை வந்த செய்தி இவ்வளவுதான்: பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. கவனிப்பது என்றால் பல இடங்களில் ஒன்றுக்கு முன்னுரிமை தருவது.

அந்த மடல் எங்கே இருக்கிறது?

உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். கைக்கு அடியில், இடமும் வலமுமாக இருப்பவைதான் பரைட்டல் மடல்கள். தமிழ்ப் பாடநூல்களில் சுவர் மடல் என்றும் எழுதுவார்கள். முன்னால் நெற்றி மடல், பின்னால் பார்வைக்கான பிடரி மடல், கீழே காதோரம் பொட்டு மடல். பரைட்டல் மடலின் நடுவே ஒரு நீளமான பள்ளம் ஓடுகிறது. அதை நடுப்பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். கதையில் பாதி அங்கேதான் நடக்கிறது.

கண் அனுப்புகிற தகவல் பிடரி மடலுக்கு வந்து, அங்கிருந்து இரண்டு பாதையாகப் பிரிகிறது. கீழ்ப்பாதை பொட்டு மடலுக்குப் போய் "இது என்ன" என்று பார்க்கிறது. மேல்பாதை பரைட்டல் மடலுக்கு வந்து "இது எங்கே" என்று பார்க்கிறது. அங்கர்லைடர், மிஷ்கின் என்ற இருவர் 1982-இல் முன்வைத்த பிரிவினை இது. பின்னால் வந்த ஆய்வுகள், மேல்பாதை கையை எப்படி நீட்டுவது என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது என்று காட்டின.

பார்வைத் தகவல் மட்டும் அங்கே வருவதில்லை. சத்தம் எந்தத் திசை, கழுத்து எவ்வளவு திரும்பியிருக்கிறது, கண் எந்தப் பக்கம், கை எங்கே என்பதெல்லாம் வந்து கலக்கின்றன. உடம்பைச் சுற்றியுள்ள இடத்தைப் பற்றிய கணக்கு இத்தனை தகவலும் சேர்ந்தால்தான் தேறும்.

ஒரு எஸ்டேட் வரைபடம்

தேயிலை எஸ்டேட் ஆபீஸ் சுவரில் தோட்டத்தின் வரைபடம் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டம் முழுக்க நம்பர் போட்ட ஃபீல்டுகள். காலையில் ஆட்களை எந்த ஃபீல்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு விதமான செய்தி வருகிறது. ஒன்று தோட்டத்திலிருந்தே வருவது: ஏழாம் நம்பரில் கொழுந்து பொங்கி நிற்கிறது, இன்றைக்கு விட்டால் முற்றிவிடும். இன்னொன்று மேலிருந்து வருவது: ஃபேக்டரிக்கு நல்ல இலை வேண்டும், மூன்றாம் நம்பரை முதலில் எடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு அவசர மதிப்பெண் போடுகிறோம். எதற்கு மதிப்பெண் அதிகமோ, ஆட்கள் அங்கே. அந்த வரைபடத்தில் இலையின் வாசமோ ருசியோ கிடையாது. இடம், அவசரம், இவ்வளவுதான்.

பரைட்டல் மடலின் நடுப்பள்ளத்தை ஒட்டிய நரம்பணுக்கள் இப்படியொரு வரைபடத்தை வைத்திருக்கின்றன. இதை முன்னுரிமை வரைபடம் என்கிறார்கள். ஒவ்வொரு நரம்பணுவுக்கும் பார்வைப் பரப்பில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதிக்கு முக்கியத்துவம் கூடக் கூட அணு வேகமாகத் துடிக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காட்லீப், குசுனோகி, கோல்ட்பெர்க் ஆகிய மூவரும் குரங்குகளிடம் செய்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. திரையில் பல வடிவங்கள் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். குரங்கு கண்ணை நகர்த்தும்போது அவற்றில் ஒன்று, அவர்கள் பதிவு செய்துகொண்டிருந்த அணுவின் பகுதிக்குள் வந்து விழும். பார்வைக்குரிய அணு என்றால் துடித்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் அடங்கியே இருந்தது. அதே வடிவம் அப்போதுதான் திடீரென்று தோன்றியிருந்தாலோ, குரங்கு செய்யவேண்டிய வேலைக்கு அந்த வடிவம் தேவைப்பட்டாலோ மட்டும் அணு பலமாகத் துடித்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள் இருக்கிறது என்பது மட்டும் அந்த அணுவை எழுப்பப் போதவில்லை. புதிதாக இருக்க வேண்டும், இல்லை வேண்டியதாக இருக்க வேண்டும்.

எஸ்டேட்டில் வந்த இரண்டு செய்திகள்தான் இவையும். பொருளே தன்னைக் காட்டிக்கொள்ளும் பலத்தை ஈர்ப்பு என்றும், நாம் தேடுவதால் வரும் பலத்தை இலக்கு என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே வரைபடத்தில் மதிப்பெண்ணாகச் சேர்கின்றன. அதிக மதிப்பெண் பெற்ற இடத்தைப் பற்றிய செய்தி, கண்ணை நகர்த்தும் நெற்றி மடல் பகுதிக்கும் மூளையின் அடிப்பகுதிக்கும் போகிறது. பின்னால் பார்வைப் பகுதிக்கும் திரும்பிப் போய், அந்த இடத்திலிருந்து வரும் சமிக்ஞையை உயர்த்திவிடுகிறது. அதனால்தான் கவனித்த இடம் தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும் நமக்குப் படுகின்றன.

ஒரே ஒரு இடத்தில் எஸ்டேட் ஒப்புமை உதவாது. ஆபீஸில் முடிவெடுக்க ஒரு மேனேஜர் உட்கார்ந்திருப்பார். மூளைக்குள் அப்படி யாரும் கிடையாது. மதிப்பெண்கள் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கின்றன. கடைசியில் மிஞ்சுவது வெல்கிறது. நாம் "முடிவு செய்தேன்" என்று சொல்வது அந்தப் போட்டியின் முடிவைத்தான்.

இன்னொரு அழகான விஷயமும் உண்டு. கண் தாவும்போது விழித்திரையில் விழும் படம் மொத்தமும் நகர்கிறது. அப்படியானால் வரைபடம் ஒவ்வொரு தடவையும் குழம்ப வேண்டுமே? குழம்புவதில்லை. கண் தாவுவதற்குச் சற்று முன்பே, தாவிய பிறகு தன் பகுதிக்குள் வரப்போகும் பொருளுக்குச் சில அணுக்கள் துடிக்க ஆரம்பிக்கின்றன. டுஹாமெல், கோல்பி, கோல்ட்பெர்க் 1992-இல் இதைக் காட்டினார்கள். கொண்டை ஊசி வளைவில் தலையும் கண்ணும் மாறி மாறித் திரும்பினாலும் சாலை நமக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றுவதற்கு இந்த முன்னேற்பாடும் ஒரு காரணம்.

சுருக்கமாக: பரைட்டல் மடல் இடங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. ஈர்ப்பும் இலக்கும் சேர்ந்து மதிப்பெண் ஆகின்றன. வென்ற இடத்துக்குக் கவனம் போகிறது, பெரும்பாலும் கண்ணும் பின்னாலேயே போகிறது.

தேடுகிற வலையும் எழுப்புகிற வலையும்

கையால் கொழுந்து கிள்ளுவதை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பச்சைக்குள் பச்சையைத் தேடுகிற வேலை. முற்றிய இலை, இளம் இலை, மொட்டு எல்லாம் ஒரே செடியில், ஒரே நிறத்தின் சாயல்களில் இருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் விரலுக்குள் வர வேண்டும். பழகிய அக்காமார்கள் பேசிக்கொண்டே செய்வார்கள். விரல் ஒரு இடத்தில் கிள்ளும்போதே கண் அடுத்த கிளைக்குப் போயிருக்கும். இலக்கு மதிப்பெண் முழு வீச்சில் வேலை செய்யும் நேரம் அது.

அப்போது பின்னால் புதர் சரசரக்கிறது. கை நின்றுவிடுகிறது, தலை திரும்புகிறது. யாரும் அதைத் தீர்மானித்துச் செய்வதில்லை.

மவுரிட்சியோ கார்பெட்டா, கோர்டன் ஷுல்மன் இருவரும் 2002-இல் இவற்றை இரண்டு வலைப்பின்னல்களாகப் பிரித்துக் காட்டினார்கள். நடுப்பள்ளமும் நெற்றி மடலின் மேல்பகுதியும் சேர்ந்த மேல்வலை, நாம் விரும்பித் தேடுவதை நடத்துகிறது. பரைட்டலும் பொட்டு மடலும் சந்திக்கும் இடமும் நெற்றி மடலின் கீழ்ப்பகுதியும் சேர்ந்த கீழ்வலை, எதிர்பாராமல் முக்கியமானது ஏதாவது வந்தால் எழுப்பிவிடுகிறது. மேல்வலை இரு பக்க மூளையிலும் உண்டு. கீழ்வலை பெரும்பாலும் வலது மூளையில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மேல்வலை கடுமையாக வேலை செய்யும்போது கீழ்வலை அடக்கிவைக்கப்படுகிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிக்கொண்டே இருப்போம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் செய்த சோதனையை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்தை எத்தனை தடவை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லிவிட்டு, நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவரை நடக்கவிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை. அவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. எண்ணும் வேலையில் முழுக்க இருந்தவர்கள் அவர்கள்.

அதனால் தோட்டத்தில் கரடியையோ காட்டெருமையையோ கவனிக்காமல் அடிபட்ட தொழிலாளியிடம் "பார்த்து வேலை செய்ய வேண்டாமா" என்று கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து. அவர் பார்த்து வேலை செய்ததால்தான் அது தெரியாமல் போயிருக்கும். மிருகம் நடமாடுகிற ஃபீல்டில் பறிக்காமல் நாலு பக்கமும் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்த வேண்டும்.

பாதி உலகம் காணாமல் போகும்போது

ஒரு இடத்தின் வேலை என்ன என்று அது பழுதுபடும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. வலது பரைட்டல் பகுதியிலும் அதை ஒட்டியும் பக்கவாதம் தாக்கினால், பலருக்கு இடப்பக்க உலகம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. இதற்கு நெக்லெக்ட் என்று பெயர். ஒருபக்கப் புறக்கணிப்பு என்று சொல்லலாம். தாடியை வலது பாதி மட்டும் மழிப்பார்கள். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கத்திலேயே அடுக்கிவிடுவார்கள். கண் நன்றாக இருக்கும். பார்வைக் கோளாறு இது இல்லை.

கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெரியவருக்கு மருமகள் சாப்பாடு வைத்தார். தட்டின் வலப்பக்கம் சோறும் சாம்பாரும், இடப்பக்கம் மேரக்காய்க் கூட்டு. வலது பாதி சுத்தமாகக் காலி.

"மாமா, கூட்டு அப்படியே இருக்குதே?"

"கூட்டு எங்கேம்மா வச்சே? வைக்கவே இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வைக்கவில்லை என்றுதான் நினைத்தார். அவர் மகன் ஒன்றும் பேசாமல் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தார். "இப்பத்தானே கொண்டு வர்றீங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கூட்டைச் சாப்பிட ஆரம்பித்தார். வீம்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த வீடு அன்றைக்கு அமைதியானது.

இது கண்ணோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதைக் காட்டியது இத்தாலியில் நடந்த ஆய்வு. பிசியாக், லுட்ஸாத்தி இருவரும் 1978-இல் மிலான் நகரத்து நோயாளிகளிடம், கதீட்ரலுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தைக் கற்பனை செய்து சொல்லச் சொன்னார்கள். கதீட்ரலைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். கதீட்ரல் வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னபோது, முதலில் விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் வந்தன. முதலில் சொன்னவை காணாமல் போயின. நினைவு முழுதாக இருக்கிறது. அதன் இடது பாதிக்குள் போக முடியவில்லை. ஊட்டிக்காரர் ஒருவர் சேரிங் கிராஸ் நீரூற்றுப் பக்கம் நின்று கமர்ஷியல் ரோட்டை மனதில் பார்க்கும்போது பாதிக் கடைகள் மட்டும் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1988-இல் மார்ஷல், ஹாலிகன் சொன்ன ஒரு நோயாளியின் கதை இன்னும் வியப்பானது. இரண்டு வீட்டுப் படங்கள் காட்டினார்கள். ஒன்றில் இடப்பக்கம் தீப்பற்றி எரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்றார் அந்தப் பெண்மணி. எதில் குடியிருப்பீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலும் எரியாத வீட்டையே காட்டினார். நெருப்பு பற்றிய தகவல் மூளைக்குள் எங்கேயோ வந்திருக்கிறது. ஆனால் வரைபடத்தில் அந்த இடத்துக்கு மதிப்பெண் விழாததால், அவர் அறியும் அளவுக்கு மேலே வரவில்லை.

வலது மூளை பழுதுபட்டால் ஏன் இவ்வளவு கடுமையாக வருகிறது? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது; வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடது பழுதானால் வலது ஈடுகொடுக்கும். வலது பழுதானால் இடப்பக்கத்துக்கு ஆளில்லை. எழுப்புகிற கீழ்வலையும் வலதில்தான் இருக்கிறது என்று முன்னால் சொன்னேனே, அதுவும் சேர்ந்துகொள்கிறது. ஒரு தடவை வலப்பக்கம் ஒட்டிக்கொண்ட கவனத்தை விடுவிப்பதே பரைட்டல் பாதித்தவர்களுக்குச் சிரமம் என்று போஸ்னரும் சகாக்களும் 1984-இல் காட்டினார்கள். "வலது மூளைக்காரர்கள் கலைஞர்கள்" என்று சுற்றிவரும் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இரண்டு பக்கப் பரைட்டலும் பழுதுபட்டால்? ஹங்கேரி மருத்துவர் ரெஷோ பாலின்ட் 1909-இல் அப்படிப்பட்ட ஒருவரை விவரித்தார். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் அவருக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. பார்த்த பொருளை நோக்கிக் கையைச் சரியாக நீட்டவும் வராது.

இதையெல்லாம் வைத்துப் பரைட்டல் மடல்தான் மூளையின் கவன மையம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நெற்றி மடலும் மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸும் இல்லாமல் இந்த வேலை நடக்காது. வகுப்பில் வேடிக்கை பார்க்கிற பையனுக்குப் பரைட்டல் பழுது என்று நினைப்பதும் தவறு. அவனுடைய வரைபடத்தில் ஜன்னல் வென்றிருக்கிறது, கரும்பலகை தோற்றிருக்கிறது, அவ்வளவுதான். ஜன்னலின் ஈர்ப்பைக் குறைக்கலாம், கரும்பலகையில் நடப்பதை அவனுக்கு வேண்டியதாக ஆக்கலாம். திட்டுவதால் இரண்டும் நடக்காது.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

வலது மூளைப் பக்கவாதத்தில் பேச்சு பலருக்குத் தெளிவாகவே இருக்கும். தனக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்வார்கள். குறை இருப்பதை உணர முடியாமல் போவதும் இந்த நோயின் பகுதி. "நல்லாத்தானே பேசறாரு" என்று வீட்டில் காத்திருந்துவிடுகிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலையிலிருந்து இறங்குகிற நேரமும் அதற்குள்தான் அடக்கம். திடீரென்று இடது கை தொங்கினாலோ, வாய் கோணினாலோ, இடப்பக்கம் நிற்பவரைத் தெரியாததுபோல் நடந்துகொண்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிறகு வீட்டுக்கு வந்தவருக்குத் தட்டைத் திருப்பி வைப்பது அன்றைய வயிற்றுக்கு உதவும். நாளாவட்டத்தில் அவரே இடப்பக்கம் தேடப் பழக வேண்டும். தட்டின் இடது விளிம்பிலும் பேப்பரின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு தெரிகிற வரைக்கும் தேடுங்க" என்று சொல்லிக்கொடுப்பார்கள். பொறுமை வேண்டிய வேலை. ஒரே நாளில் வராது. 1998-இல் ரோசெட்டி குழுவினர் பார்வையை வலப்பக்கம் சுமார் 10 டிகிரி தள்ளிக்காட்டும் பிரிசம் கண்ணாடியைப் போட்டுக் கையால் இலக்கைச் சுட்டப் பழக்கினார்கள். கண்ணாடியைக் கழற்றிய பிறகு கையும் கவனமும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தன. சிலருக்கு நல்ல பலன், சிலருக்கு அவ்வளவாக இல்லை. மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

கை கால் தேறிவிட்டது என்று வண்டிச் சாவியை மட்டும் உடனே கொடுத்துவிடாதீர்கள். நம் ஊரில் இடப்பக்கம்தான் வண்டி போகும். நடந்து வருகிறவர்களும், சாக்கடையும், பல வளைவுகளில் பள்ளமும் அந்தப் பக்கத்தில்தான். நெக்லெக்ட் இருப்பவருக்குச் சாலை முழுதாகத் தெரிவதாகவே தோன்றும். நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகு அவர் ஓட்டட்டும்.